அடுப்பில் வைத்த கை

டேரன் ஹூடாக் தன் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, சிவக்கச் சிவக்கக் காய்ந்திருந்த மின்னடுப்பின் மேல் வைத்து அழுத்தினான். அப்படித்தான் மார்லா கோர்ட்டில் சொன்னாள். சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே முன்கை முழுக்கத் தோல் கழன்று, கொப்புளம் உடைந்து, பச்சைப் புண்ணாக நீர் கோத்துக் கிடந்தது. நீதிபதியம்மா ஒரு தடவை பார்த்தார், அதற்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"பொய். நான் அவளத் தொடவே இல்ல," என்றான் டேரன்.

அரசுச் செலவில் அவனுக்கு வைத்திருந்த வக்கீல் தோளைத் தட்டி உட்காரச் சொன்னார். உட்காருகிற ஆளா அவன். பள்ளியை விட்ட நாளிலிருந்து வீட்டுக்கூரை போடும் வேலை பார்த்து முறுக்கேறிய உடம்பு. மூன்று வருஷமாகச் சரியான சோறு தூக்கம் இல்லாமல் இளைத்திருந்தாலும் எலும்பு எலும்புதானே. மேசையை ஒரு தள்ளு தள்ளினான். வக்கீல் நாற்காலியோடு பின்னால் விழுந்தார். டேரன் சாட்சிக் கூண்டை நோக்கிப் பாய்ந்தான்.

கோர்ட் காவலர்கள் இரண்டு பேர் வழியிலேயே மடக்கினார்கள். ஒருவர் காலை வாரிவிட்டார், இன்னொருவர் முதுகில் முழங்காலை ஊன்றினார். முகம் தரையில் மோதிய சத்தம் கடைசி வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. உதடு கிழிந்து, பல்லெல்லாம் ரத்தமாக, தரையைப் பார்த்தபடியே அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் செய்யல. மார்லா, நான் செய்யலன்னு சொல்லு. நான் செய்யல."

மார்லா சட்டைக் கையை இறக்கிவிட்டு மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனைப் பரிசோதித்த மனநல மருத்துவர் டாக்டர் ப்ரென்னர் எழுந்து நின்று நிதானமாகச் சொன்னார். "பாத்தீங்களாம்மா. செஞ்சத செஞ்சோம்னே தெரியாம இருக்கறதுதான் இந்த வியாதியோட பெரிய அடையாளம். என்னைக்கு இவர் மறுக்கறத நிறுத்தறாரோ அன்னைக்கு மருந்து வேல செய்யுதுன்னு அர்த்தம்."

இந்தப் பேச்சை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். நூறில் தொண்ணூறு தடவை அது சரியாகவும் இருந்திருக்கிறது. அதுதான் எரிச்சல்.

நான் ரோண்டா. எங்கள் மாவட்டத்தின், அதாவது கவுண்ட்டியின், மனநலக் குழுவில் கேஸ் மேனேஜர். ஆஸ்பத்திரியில் அடைக்காமல், வீட்டில் இருந்தபடியே சிகிச்சை எடு என்று கோர்ட் சிலருக்கு உத்தரவு போடும். அப்படி உத்தரவு வாங்கியவர்களின் பின்னால் அலைவதுதான் என் பிழைப்பு. ஊசி போட்டுக்கொண்டானா, தலைக்கு மேல் கூரை இருக்கிறதா, சாப்பிட்டானா, யாரையாவது போட்டு மிதித்தானா. இந்த வேலையில் கடி வாங்கியிருக்கிறேன், விலாவில் உதை வாங்கியிருக்கிறேன், என் கார் கண்ணாடியில் செங்கல் விழுந்திருக்கிறது. யாராவது என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

எங்கள் ஊர் அமெரிக்காவில் ஈரி ஏரியின் தென்கரையில் இருக்கிறது. டிசம்பர் பிறந்தால் ஏரியிலிருந்து வரும் காற்று ஆளை உரித்துவிடும். அந்தக் காற்றில் டேரன் ரயில் பாலத்துக்கு அடியில் படுத்துக்கிடந்தான். தண்ணீர்க் குழாய்க்குள் இருந்து ஆட்கள் தன்னோடு பேசுகிறார்கள் என்பதால் குழாய் இருக்கிற எந்தக் கட்டடத்துக்குள்ளும் அவன் படுக்கமாட்டான். யாராவது ஆம்புலன்சைக் கூப்பிடுவார்கள். அவசரப் பிரிவில் ஒரு சாண்ட்விச்சைக் கொடுத்து விடிவதற்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள். கட்டில் இல்லையாம்.

சட்டம் என்ன கேட்கிறதென்றால், ஒன்று மனநோய்க்காக இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கவேண்டும், அல்லது ஒரு தடவையாவது ஆள் யாரையாவது மோசமாகத் தாக்கியிருக்கவேண்டும். ரெண்டும் இல்லையா, போய்வா. போன வருஷம் மார்லா இதே கோர்ட்டுக்கு மனுவோடு வந்தாள். "உங்களை அடித்தாரா?" என்று கேட்டார்கள். "இல்லைங்க, அவன் சாது," என்று உண்மையைச் சொன்னாள். மனு தள்ளுபடி. அந்தக் குளிரில் டேரனின் இடது காலில் மூன்று விரல்கள் கறுத்துப்போய், வெட்டி எடுத்தார்கள். அது அறுவை சிகிச்சைக் கணக்கு, மனநோய்க் கணக்கில் சேராது என்று சொன்ன மகானை நான் நேரில் பார்த்துப் பேசினேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இந்தத் தடவை உத்தரவு கிடைத்தது. மாதம் ஒரு ஊசி, எங்கள் குழுவின் கண்காணிப்பு, மார்லா வீட்டு நிலவறையில் தங்கல். அங்கே ஓடும் குழாய்களைச் சுற்றிப் பழைய கம்பளிகளைக் கட்டிவைத்திருந்தாள். கோர்ட் முடிந்ததும் இருவரையும் என் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். எங்கள் தொழிலில் இப்படித்தான். காலையில் ஒருவர்மேல் ஒருவர் சாட்சி சொல்வார்கள், மத்தியானம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். டேரன் பின் இருக்கையில் உதட்டில் துணியை அழுத்திக்கொண்டு வந்தான்.

"ஏன் மார்லா அப்படிச் சொன்ன?" என்று வழியில் ஒரே ஒரு தடவை கேட்டான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் ஊசிக்கு அவன் வரவில்லை. நானும் ஏமாஸும் வீட்டுக்குப் போனோம். ஏமாஸ் எங்கள் குழுவில் வேலை பார்க்கிறவர். ஒரு காலத்தில் அவரே இதே மாதிரி உத்தரவின் கீழ் இருந்தவர். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தெரிந்த மனுஷர் என்பதால்தான் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நிலவறைப் படியின் மேலே நின்று கூப்பிட்டார்.

"தம்பி, ஏமாஸ் வந்திருக்கேன். ஊசிய விடு. மேல வா, ஒரு காப்பி குடிப்போம்."

"என் பேர்ல பொய்க் கேசு போட்டு வாங்கின ஊசி எனக்கு வேணாம்."

"உனக்குக் கோவம். சரி, இருக்கட்டும்."

"கோவம் இல்ல. நான் செய்யல."

சுத்தியலால் சுவரை அடிக்கும் சத்தம் கேட்டது. குழாய்களை உடைத்துக்கொண்டிருந்தான். மேலே சமையலறையில் மார்லா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தண்ணீர் பீய்ச்சி நிலவறைத் தரையில் தேங்க ஆரம்பித்தது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உத்தரவு இருந்தாலும் யாரையும் பிடித்துவைத்து ஊசி குத்த எங்களுக்கு உரிமை கிடையாது. மறுத்தால் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டாக்டர் பார்க்கவேண்டும். கொண்டுபோகிற வேலை ஷெரீஃபின் போலீஸ் ஆட்களுடையது. இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களை ஒரு சமையலறைக்குள் கூப்பிடுவது என்பது எனக்குத் தெரிந்தவரை ஒருபோதும் நல்லபடியாக முடிந்ததில்லை. ஆனால் கீழே தண்ணீர், அதில் மின்கம்பி, கையில் சுத்தியலோடு ஆள். கூப்பிட்டேன்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் இளவட்டம், தாடை துடிக்க நின்றான். நான் முன்னால் போகிறேன் என்றேன். "நீங்க பின்னால நில்லுங்க," என்றான். நின்றேன். படியின் பாதியில் டேரன் எதிரே வந்துவிட்டான். மூத்தவர் மின்சாரத் துப்பாக்கியால் சுட்டார். அதிலிருந்து பாய்ந்த இரண்டு முட்களில் ஒன்று அவன் கம்பளிச் சட்டையில் மாட்டிக்கொண்டு தோலைத் தொடவே இல்லை, மின்சாரம் ஏறவில்லை. அந்தக் கோபத்தில் அவன் சுத்தியலைச் சுழற்றினான். அதன் கைப்பிடிக் கம்பு சுவரில் பட்டு உடைந்தது. அவன் மேலே ஏறிவந்த வேகத்தில் மூத்தவரின் தோளில் இடித்தான், அவர் உருண்டு போனார். இளையவன் துப்பாக்கியை உருவினான்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் போயிருக்கமாட்டேன். போலீஸுக்கும் நோயாளிக்கும் நடுவில் எந்தக் காலத்திலும் நுழையாதே என்று புதிதாய் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். நுழைந்தேன். டேரனின் மார்பில் இரு கையாலும் மோதி அவனைச் சுவரோடு அழுத்தினேன். என் முதுகுக்குப் பின்னால் "விலகு, விலகு" என்று அந்தப் பையன் கத்துவது கேட்டது. டேரன் கையில் மிச்சமிருந்த உடைந்த கம்பால் என் முகத்தில் ஒரே அடி.

வலியைவிட முதலில் தெரிந்தது சத்தம்தான். என் மண்டைக்குள்ளேயே எதுவோ நொறுங்கியது. வாயில் இரும்புச் சுவை. ஒரு கண் உடனே மூடிக்கொண்டது. நான் அவன் சட்டையை விடவில்லை. விட்டால் சுட்டுவிடுவார்கள். அவன்மேல் முழு பாரத்தையும் போட்டு இருவருமாகத் தரையில் விழுந்தோம். அவன் இன்னொரு குத்து விட்டான், அது என் காதில் விழுந்தது. அதற்குள் மூத்தவர் எழுந்துவந்து அவன் கையை முறுக்கினார். எலும்பு மூட்டு கழன்ற சத்தத்தோடு டேரன் போட்ட அலறல் இன்னும் எனக்குக் கேட்கும். ஏமாஸ் என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றார். அவர் அப்படிக் கேட்டது எனக்குச் சிரிப்பாக வந்தது. சிரித்தால் வலித்தது.

டேரனை ஆஸ்பத்திரியில் சேர்த்து, டாக்டர் பார்த்து ஊசியை ஆரம்பித்தார்கள். எனக்குக் கன்னத்து எலும்பு மூன்று துண்டு. உள்ளே தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். கட்டுப்போட்ட முகத்தோடு படுத்துக்கிடந்தபோது மார்லா வந்தாள். பள்ளிக்கூட சமையலறையில் வேலை அவளுக்கு. தலையில் வலைத்தொப்பியோடு அப்படியே வந்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ரோண்டா, அவன் சொன்னது நெஜம்."

"எது?"

"அவன் என்னத் தொடல. நானே வெச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் கட்டுப்போட்ட முன்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"கோர்ட்டுக்கு மொத நாள். அவன் அடிச்சாத்தான் உத்தரவுங்கறாங்க. அவன் அடிக்கமாட்டேங்கறான். என்ன பண்ணச் சொல்ற? உள்ளங்கைய வெச்சா வேல பாக்க முடியாது. அதான் முன்கைய வெச்சேன். மொதல்ல ரெண்டு தடவ எடுத்துட்டேன். அப்புறம் துண்ட வாயில கடிச்சுக்கிட்டு வெச்சேன்."

எனக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம்தான். நான் இருக்கிற நிலையில் கத்தக்கூட முடியவில்லை, வாயை அகலத் திறந்தால் கன்னம் தெறித்தது. பல்லைக் கடித்தபடி சொன்னேன்.

"இந்தா பாரு என் மூஞ்சிய. இது போதும். இந்த மூஞ்சிய வெச்சே உத்தரவு நிக்கும். இனிமே உன் பொய் யாருக்கும் வேணாம். போயி அவன்கிட்ட சொல்லு."

"சொன்னா என்ன ஆகும்? எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு அவன் சொல்லிட்டிருக்கான். ஆமாண்டா, பொய்தான் சொன்னோம்னு நான் சொல்லணுமா? அப்புறம் அவன் ஊசி போட்டுக்குவானா? மறுபடி பாலத்துக்கடியில போயிடுவான். கால்ல இன்னும் ஏழு வெரல்தான் இருக்கு ரோண்டா."

"அவன் சுத்தியலத் தூக்கினதே உன் பொய்யாலதான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரியும்னுதான சொல்றேன்," என்று எழுந்து போய்விட்டாள்.

டாக்டர் ப்ரென்னரிடம் நானே சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டைபோட வசதியாக இருந்திருக்கும். முகம் வெளுத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். சகோதரி தன் வாயால் சொல்லாமல் நாம் எதுவும் செய்ய முடியாது என்றார். இப்போதுதான் மருந்து உடம்பில் ஏறுகிறது, இந்த நேரத்தில் கலைத்தால் ஆள் உடைந்துபோவான், கொஞ்சம் நிலைப்படட்டும் என்றார். எப்போது நிலைப்படுவான் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் மேசைமேல் இருந்த காப்பிக் கோப்பையை நான் சுவரில் எறிந்தேன். அதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டேரனுக்கு ஊசி வேலை செய்தது. உண்மையாகவே செய்தது, அதை நான் மறைக்கமாட்டேன். குழாய்க்காரர்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு தூரப் போனார்கள், பிறகு இல்லாமல் போனார்கள். குளித்தான். ஷேவ் செய்துகொண்டான். என்னைப் பார்த்ததும் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் அழுதான். "உன்ன அடிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு," என்றான். நான் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

சிக்கல் வேறு இடத்தில் ஆரம்பித்தது. வாராவாரம் உட்காரும் குழுப் பேச்சில் அவனிடம் அடுப்பைப் பற்றிக் கேட்டார்கள். செய்யவில்லை என்றான். இன்னும் தயாராகவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீட்டுக்கு அனுப்புவது தள்ளிப்போனது. அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில், அதே முகம். குழாய்க்குள் ஆள் பேசுகிறான் என்று நம்பிய மூளை அல்லவா, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. ஒரு நாள், "ஒருவேள நான் செஞ்சிருப்பேனோ," என்றான். அறையே மலர்ந்துபோனதாம். ஒரு நர்ஸ் அவனுக்குத் தன் வீட்டிலிருந்து கேக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்கப்புறம் ஞாபகம் தானாக வளர்ந்தது. அடுத்த வாரம் அவனுக்கு அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடி ஞாபகம் வந்தது. அதற்கடுத்த வாரம் தோல் பொசுங்கிய வாசனை. அவள் என்ன சொல்லிக் கெஞ்சினாள் என்பதுகூட வந்துவிட்டது. என்னிடமும் அவன் அதைச் சொன்னான். ஏமாஸிடம் போய்க் கொட்டினேன்.

"உள்ள இருக்கும்போது நானும் இப்படி எதையோ ஒத்துக்கிட்டேன்," என்றார் ஏமாஸ். "வீட்டுக்குப் போக என்ன சொல்லணும்னு அங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா நான் சும்மா வாயால சொன்னேன். இவன் நம்பிட்டான்."

ஒத்துக்கொண்ட பிறகு அவனை மார்லா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உத்தரவைக் கோர்ட் மறுபரிசீலனை செய்த நாளில் டேரன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். நீதிபதியம்மா அன்பாகத்தான் கேட்டார். உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்.

"எங்க அக்கா கையப் புடிச்சு அடுப்புல வெச்சேன். அவ விடச் சொல்லிக் கத்தினா. நான் விடல. இத இங்கயே நின்னு இல்லன்னு சொன்னேன். அதுக்கும் மன்னிச்சுக்குங்க."

நீதிபதியம்மா கைதட்டினார். இந்தக் கோர்ட்டின் வழக்கம் அது. தேறி வருகிறவர்களுக்கு எல்லோரும் எழுந்து நின்று தட்டுவார்கள். போன தடவை அவன் முதுகில் முழங்காலை ஊன்றிய காவலரும் தட்டினார். மார்லாவும் எழுந்து தட்டினாள். நான் அவளையே பார்த்தேன்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் கோட்டுக் காலரைப் பிடித்து, சோடா விற்கும் இயந்திரத்தில் சாத்தினேன். அவள் தலை அதில் டங்கென்று மோதியது. நான் விடவில்லை.

"இன்னைக்குச் சொல்லு. இல்ல நான் சொல்றேன்."

"அடுத்த ஊசி போகட்டும். அது முடிஞ்சதும் சத்தியமா சொல்றேன்."

"செய்யாததுக்கு அவன் தெனம் உன் கால்ல விழறான். உனக்கு அதுல சோறு எறங்குதா?"

"எறங்கல. ஆனா அவன் சாப்பிடறான். மூணு வேளையும் என் மேசையில உக்காந்து சாப்பிடறான். நான் வேற என்ன கேட்டேன்?"

ஒரு காவலர் எங்களைப் பார்த்து நடந்து வந்தார். கையை எடுத்தேன். அடுத்த ஊசி வரைக்கும்தான் என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனேன்.

ஊசிக்கு அவனை அழைத்துப்போக நானும் ஏமாஸும் காலையில் போனோம். மார்லா வேலைக்குப் போயிருந்தாள். கதவு பூட்டவில்லை. உள்ளே காலை வைத்ததுமே வாசனை வந்தது. கறி கருகிய வாசனை. ஏமாஸ் என்னை முந்திக்கொண்டு ஓடினார்.

டேரன் சமையல் மேசையில் உட்கார்ந்திருந்தான். அடுப்பு இன்னும் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. இடது முன்கையில் தோல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சில இடங்களில் கறுப்பு, சில இடங்களில் வெள்ளை. வெள்ளையாக இருந்த இடங்களும் அதே அளவு மோசம் என்பது எனக்குத் தெரியும். அவன் முகம் வேர்த்து வழிந்தது. ஆனால் முகத்தில் நிம்மதி இருந்தது.

"குழாய்க்காரனுங்க சொல்லல ரோண்டா. அவனுங்க யாரும் வரல. நானாத்தான்," என்றான் அவசரமாக. "அவ கைய எவ்வளவு நேரம் வெச்சேன்னு எத்தன யோசிச்சும் ஞாபகம் வரல. அதான் தோராயமா வெச்சேன்."

ஏமாஸ் அடுப்பை அணைத்துவிட்டு ஆம்புலன்சுக்குப் பேசினார். நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் மண்டியிட்டேன். அவன் கையை அசைக்காமல் கொடுத்தான்.

"இப்ப சரியாப்போச்சு," என்றான். "அவ மூஞ்சியப் பாத்து என்னால இனிமே சாப்பிட முடியும்."

அப்போதுதான் மார்லா வந்தாள். காலைச் சமையல் முடிந்து, அவன் ஊசிக்குக் கிளம்புவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். கையில் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த முட்டை ரொட்டிப் பொட்டலம். அவன் கையைப் பார்த்தாள். பொட்டலம் கீழே விழுந்தது. அவள் அலறவில்லை. வயிற்றில் உதை வாங்கியவளாக மடிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தாண்டா," என்றாள். "நானே வெச்சுக்கிட்டேன். நீ வீட்டுலயே இல்ல. நீ பாலத்துக்கடியில இருந்த. நீ என்னத் தொடவே இல்ல டேரன்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு எழுந்தான். நானும் எழுந்தேன், ஏமாஸ் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அவன் குனிந்து நல்ல கையால் அவள் முன்கையைப் பற்றி, சட்டைக் கையை மேலே தள்ளி, ஆறிப்போன வடுவை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான். பிடி இறுகியது. வடுவின் மேல் அவன் கட்டைவிரல் புதைந்தது. மார்லா வலியில் முனகினாள், கையை இழுக்கவில்லை. ஒடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"டேரன், விடு," என்றேன்.

விட்டான். அவள் கையில் அவன் விரல்கள் ஐந்தும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவன் என் பக்கம் திரும்பினான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டாக்டருக்கு?"

"தெரியும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கத்துவான், அடிப்பான் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு வாசனகூட ஞாபகம் இருக்கே," என்றான். "அவ கத்தினது ஞாபகம் இருக்கு. அப்போ வேற எதெல்லாம் நான் செய்யல?"

அவன் என் அருகே வந்தான்.

"உன் கன்னம்? அது நான்தானா? இல்ல அதுவும் யாராவது சொன்னதா?"

"அது நீதான்."

"சும்மா சொல்லாத."

"நீதாண்டா. சுத்தியல் கம்பால. நெலவறப் படியில."

அவன் நல்ல கையை நீட்டி என் கன்னத்தில் விரலை வைத்தான். தோலுக்கடியில் தகடு இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்தினான். வலி கண்ணுக்குள் பாய்ந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். திருகாணியின் தலை ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தான். பிறகுதான் கையை எடுத்தான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கையைச் சுற்றிக் கட்டினார்கள். படுக்கச் சொன்னதற்கு மாட்டேன் என்று தானே நடந்துபோய் வண்டியில் ஏறினான். மார்லா கோட்டுகூடப் போடாமல் பனியில் பின்னாலேயே ஓடி வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருத்தர்தான் கூட வரலாம்," என்றாள் ஆம்புலன்ஸ் பெண். அவள் டேரனிடம் கேட்டாள். "இவங்க உங்க அக்காவா? இவங்க வரட்டுமா?"

அவன் மார்லாவைப் பார்க்கவில்லை.

"ரோண்டா வரட்டும்," என்றான். "அவளத்தான் நான் நெஜமாவே அடிச்சிருக்கேன்."

கதவைப் பிடித்திருந்த விரல்களை மார்லா ஒவ்வொன்றாக எடுத்தாள். நான் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.